அல்மோரோல் ஆற்றுக்கோட்டை: ரயிலா காரா, எந்தத் துறையில் படகு ஏறுவது, எத்தனை நாள் ஒதுக்குவது?

போர்ச்சுகலுக்குப் போகிற நம்மவர்கள் பெரும்பாலும் லிஸ்பன், சின்ட்ரா, போர்ட்டோ என்று முடித்துக்கொள்கிறார்கள். நடுவில் ஒரு நாள் மிஞ்சினால் ஃபாத்திமா. அந்த மிஞ்சும் நாளை அல்மோரோலுக்குக் கொடுங்கள் என்று நான் பலரிடம் சொல்லி வருகிறேன். லிஸ்பனிலிருந்து சாலை வழியே ஏறத்தாழ 120 கிலோமீட்டர் வடகிழக்கே, தேஜோ ஆற்றின் நடுவே ஒரு சின்னக் கருங்கல் தீவு. அதன் மேல் 12ஆம் நூற்றாண்டுக் கோட்டை ஒன்று. நம் வரைபடங்களில் டேகஸ் என்று போட்டிருப்பார்களே, அதே ஆறுதான்.

சரி, போகலாம் என்று முடிவு செய்தவுடன் கேள்விகள் வரிசையாக வரும். கரையிலிருந்து பார்த்தால் போதுமா, படகில் கடக்க வேண்டுமா? படகு என்றால் எந்தத் துறையில் ஏறுவது? ரயிலா, காரா? பக்கத்தில் இருக்கும் தோமார் என்ற கோட்டை நகரத்தையும் அதே நாளில் சேர்ப்பதா? எந்த மாதம்? இவற்றுக்கெல்லாம் எல்லாருக்கும் பொருந்தும் ஒரே விடை கிடையாது. ஆனாலும் எனக்கு ஒரு தெளிவான கட்சி உண்டு. இந்தக் கோட்டைக்குப் பொருள் கொடுப்பது அதைச் சுற்றி ஓடும் ஆறு. அதனால் ஆற்றின் மேல் உங்களை அதிக நேரம் வைத்திருக்கிற வழி எதுவோ, அதுவே நல்ல வழி. கீழே வரும் ஒப்பீடுகளை எல்லாம் இந்த அளவுகோலை வைத்துத்தான் செய்திருக்கிறேன்.

முதலில், போய் இறங்கினால் என்ன இருக்கும் என்று தெரிந்துகொள்வது நல்லது. தீவு சுமார் 310 மீட்டர் நீளம், 75 மீட்டர் அகலம். பாறை நீர்மட்டத்திலிருந்து 18 மீட்டர் வரை உயர்கிறது. பாறையின் வளைவு நெளிவுக்கு ஏற்ப மதில் ஓடுகிறது. அதை ஒட்டி வட்ட வடிவக் கோபுரங்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. கீழே ஒரு வெளிச்சுற்று, மேலே ஒரு உள்சுற்று, அதற்குள் சதுரமான மூன்றடுக்கு நடுக்கோபுரம். அவ்வளவுதான். அரண்மனை அறைகள், ஓவியங்கள், மரச்சாமான்கள், கண்ணாடிப் பெட்டிக்குள் வாள்கள் என்று எதையும் எதிர்பார்த்துப் போகாதீர்கள். உள்ளே வெறும் கல்லும் வானமும்தான். நடுக்கோபுரத்தின் உச்சிக்கு ஏறினால் ஆறு இரு பக்கமும் பிரிந்து ஓடுவது தெரியும். அந்தக் காட்சிக்காகத்தான் கோட்டையையே கட்டினார்கள் என்று சொன்னாலும் தப்பில்லை. காவல் காப்பவனுக்கு ஆறு முழுக்கக் கண்ணில் பட வேண்டும்.

யாரிடமிருந்து காவல்? 1147இல் போர்ச்சுகலின் முதல் அரசர் அஃபோன்சோ என்ரிக்கஸ் சாந்தாரேமையும் லிஸ்பனையும் மூர்கள் எனப்பட்ட முஸ்லிம் ஆட்சியாளர்களிடமிருந்து கைப்பற்றினார். அதற்கப்புறம் பல பத்தாண்டுகளுக்கு, தெற்கே இருந்த முஸ்லிம் அரசுகளுக்கும் வடக்கே இருந்த புதிய கிறிஸ்தவ அரசுக்கும் நடுவில் தேஜோவே எல்லையாக இருந்தது. அந்த எல்லையைக் காக்கும் பொறுப்பில் பெரும்பங்கு டெம்ப்ளர் வீரத்துறவிகளிடம் போனது. அவர்களுடைய போர்ச்சுகல் தலைவர் குவால்தீம் பாயிஷ், புனித நாட்டில் சில ஆண்டுகள் போரிட்டுத் திரும்பியவர். 1160இல் தோமார் கோட்டையைத் தொடங்கினார். இந்தத் தீவில் ஏற்கெனவே இருந்த பழைய அரணை 1171இல் புதிதாகக் கட்டி எழுப்பினார். நுழைவாயிலுக்கு மேலே உள்ள கல்வெட்டில் இருப்பது 1209 என்ற ஆண்டு. பார்த்துவிட்டுக் குழம்ப வேண்டாம். அக்காலத்தில் அங்கே புழங்கிய ஆண்டுக்கணக்கு கிறிஸ்து பிறப்புக்கு 38 ஆண்டுகள் முன்பு தொடங்குவது. 38ஐக் கழித்தால் 1171. போர்ச்சுகல் நாம் அறிந்த கணக்குக்கு மாறியது 1422இல்தான்.

எல்லை தெற்கே நகர்ந்ததும் கோட்டைக்கு வேலை போய்விட்டது. 1249இல் தென்கோடி அல்கார்வே வரை போர்ச்சுகல் வசமானது. மூரிஷ் எல்லை இல்லாத ஆற்றின் நடுவில் காவற்கோட்டை எதற்கு? தீவில் ஊர் வளர இடமும் இல்லை. எனவே கோட்டை மெல்லக் கைவிடப்பட்டது. 1755இன் பெரிய நிலநடுக்கம் அதையும் உலுக்கியது. 19ஆம் நூற்றாண்டில் பழங்காலக் கோட்டைகள் மேல் பித்துப் பிடித்த ஒரு தலைமுறை வந்தது. அவர்கள் அதைச் சீரமைத்தபோது, மதில் உச்சியில் பல்வரிசை போன்ற கைப்பிடிச் சுவர் முதலிய அலங்காரங்களைத் தங்கள் கற்பனைப்படி சேர்த்தார்கள். 1910இல் தேசிய நினைவுச்சின்னம் ஆனது. 20ஆம் நூற்றாண்டின் நடுவில் மறுபடி சீர்செய்து அரசு விருந்துகளுக்கும் பயன்படுத்தினார்கள். ஆக நீங்கள் பார்ப்பது தொடப்படாத இடிபாடு கிடையாது. பழுது பார்க்கப்பட்ட இடிபாடு. இதைத் தெரிந்துகொண்டு போனால், எந்தக் கல் 1171ஐச் சேர்ந்தது, எது பிற்காலக் கைவேலை என்று தேடிப் பார்க்கிற ஆர்வம் வரும்.

கரையிலிருந்து பார்த்தால் போதுமா?

தீவு வடகரைக்கு மிக அருகில் இருக்கிறது. காரில் வருகிறவர்கள் கோட்டைக்கு நேரெதிரே வண்டியை நிறுத்திவிட்டு, இருபது நிமிடம் படம் பிடித்துவிட்டுப் போய்விட முடியும். பலர் அப்படித்தான் செய்கிறார்கள். படகுக் கட்டணம் சில யூரோக்கள்தான் என்பதால் இதைக் காசுக்காகச் செய்ய வேண்டிய அவசியம் இல்லை. நேரம் மட்டும்தான் காரணமாக இருக்கும்.

கரைக்காட்சிக்கு நியாயமான ஒரு வாதம் உண்டு. கோட்டையின் முழு உருவமும், நீரில் விழும் அதன் நிழலும் தீவுக்குள் இறங்கிவிட்டால் தெரியாது. அதற்காகக் கரையில் நிற்கத்தான் வேண்டும். இன்னும் நல்ல இடம் தென்கரை. அங்கே அரிப்பியாதோ என்ற சிற்றூர்ப் பக்கம், உயரத்திலிருந்து கோட்டையைப் பார்க்கும் ஒரு காட்சிமேடை இருக்கிறது. அங்கிருந்து பார்த்தால் ஆறு, தீவு, வடகரை மூன்றும் ஒரே பார்வையில் விழும். தெற்கிலிருந்து வருகிற படைக்கு இந்தக் கோட்டை எப்படித் தெரிந்திருக்கும் என்பதும் அங்கேதான் புரியும். ஆனால் கார் இல்லாமல் அங்கே போவது சிரமம்.

நடக்க முடியாதவர்கள், கைக்குழந்தையோடு வருகிறவர்கள் ஆகியோருக்கு வடகரைக் காட்சி போதுமானது, குறையொன்றும் இல்லை. தீவில் பாதை மேடு பள்ளமானது, படிகள் செங்குத்தானவை. மற்றவர்கள் கரையோடு திரும்பினால் வந்ததில் பாதியை விட்டுவிட்டுப் போகிறார்கள் என்றே சொல்வேன். நீரைக் கடந்துதான் உள்ளே போக முடியும் என்பதுதான் இந்தக் கோட்டையின் முதல் அரண், மதிலுக்கும் முந்திய அரண். அதைக் கடக்காமல் போனால் கோட்டை ஒரு அஞ்சலட்டைப் படமாக நின்றுவிடும்.

இரண்டு படகுத்துறைகள்

முடிவெடுக்க வேண்டியவற்றில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதுதான். பயணக் குறிப்புகளில் இதை ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள்.

ஒரு துறை கோட்டைக்கு நேரெதிரே, வடகரையிலேயே இருக்கிறது. ஏறினால் சில நிமிடங்களில் தீவு. காத்திருக்கிற நேரம் பயண நேரத்தைவிட அதிகம். இன்னொரு துறை, ஆற்றின் கீழ்ப்பக்கம் இருக்கும் தான்கோஸ் என்ற சிற்றூரில். அங்கே ஏறினால் படகு நீரோட்டத்தை எதிர்த்து மேலே போகும். கரை மரங்கள் நகர, வளைவு திரும்ப, கோட்டை முதலில் ஒரு கல்மேடு போலவும் அப்புறம் கோபுரம் கோபுரமாகப் பிரிந்தும் தெரியத் தொடங்கும். கோட்டையை அக்காலத்தில் அணுகியவர்கள் கண்ட வரிசை இதுதான். தேஜோ அன்றைக்கு உள்நாட்டின் பெரிய சரக்குச் சாலையாகவும் இருந்தது. உள்நாட்டு எண்ணெயும் கோதுமையும் மரமும் இந்த நீர்வழியே லிஸ்பனுக்கு இறங்கின. அந்தப் போக்குவரத்தின் கழுத்தைப் பிடித்தாற்போல உட்கார்ந்திருக்கிற பாறை இது. அதன் பலம், நேரெதிர்த் துறையிலிருந்து கடக்கிற சில நிமிடங்களில் தெரியாது. நீரில் கொஞ்ச நேரம் போய்க்கொண்டிருந்தால்தான் தெரியும்.

நேரெதிர்த் துறையின் பக்கமும் பேச இருக்கிறது. நேரம் உங்கள் கையில் இருக்கும். பொதுவாகத் தீவில் விரும்பிய அளவு நின்றுவிட்டு அடுத்த படகில் வரலாம். தான்கோஸ் படகில் போனால் திரும்பும் நேரம் படகைப் பொறுத்தது. எனவே தீவில் எவ்வளவு நேரம் கிடைக்கும் என்று ஏறும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். வரைந்துகொண்டோ, மூன்று காலுள்ள கேமராத் தாங்கியோடோ உட்கார நினைப்பவர்களுக்கு நேரெதிர்த் துறையே ஏற்றது. சின்னப் பிள்ளைகள் ஆற்றுப் பயணத்தை ரசிப்பார்கள், கோட்டைக்குள் சீக்கிரம் அலுத்துவிடுவார்கள். அவர்களோடு வந்தால் தான்கோஸ். ஆனால் மதில்மேல் ஏறும்போது அவர்கள் கையை விடாதீர்கள்.

எனக்கு இதில் தயக்கமே இல்லை. ஒரே தடவைதான் வரப்போகிறீர்கள் என்றால் தான்கோஸில் ஏறுங்கள். கார் இருந்தால், திரும்பும் வழியில் நேரெதிர்க் கரையில் கொஞ்ச நேரம் நின்று முழுக்காட்சியையும் எடுத்துக்கொள்ளலாம்.

ரயிலும் காரும்

காரில் போவது எளிது. லிஸ்பனிலிருந்து ஏ1 நெடுஞ்சாலையில் வடக்கே போய், ஏ23இல் கிழக்கே திரும்பினால் ஒன்றேகால் மணி நேரம், ஒன்றரை மணி நேரத்தில் சேர்ந்துவிடலாம். ஏ1இல் சுங்கம் உண்டு. ஏ23இல் 2025 ஜனவரி 1 முதல் சுங்கம் எடுக்கப்பட்டுவிட்டது. நம் ஊர் ஓட்டுநர் உரிமத்தோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். சாலையின் வலப்பக்கம் ஓட்ட வேண்டும் என்பதால் முதல் நாளே லிஸ்பன் நெரிசலில் வண்டி எடுப்பதைத் தவிர்ப்பது நல்லது. மூன்று நான்கு பேராகப் போனால் செலவும் தலைக்குக் குறைவு. தென்கரைக் காட்சிமேடை, இரு ஆறுகள் கூடும் கோன்ஸ்டான்சியா, தோமார் எல்லாம் ஒரே சுற்றில் அடங்கும்.

ரயில் இன்னும் மெதுவானது. லிஸ்பனின் சாந்தா அப்போலோனியா அல்லது ஓரியன்டே நிலையத்தில் ஏறி என்ட்ரோன்கமென்டோவில் இறங்க வேண்டும். வேக ரயில் என்றால் சுமார் ஒரு மணி நேரம், வட்டார ரயில் என்றால் அதைவிட அரை மணி அதிகம். அங்கே பெய்ரா பைஷா தடத்தில் ஓடும் வட்டார ரயிலுக்கு மாறினால் பார்கின்யா, தான்கோஸ், அல்மோரோல் என்று வரிசையாக நிற்கும். தான்கோஸ் நிறுத்தத்தில் இறங்கினால் படகுத்துறை ஊருக்குள்ளேயே. அல்மோரோல் நிறுத்தத்தில் இறங்கினால் நேரெதிர்த் துறைக்குக் கால் மணி, இருபது நிமிட நடை. சிக்கல் ஒன்றுதான், இந்த வட்டார ரயில்கள் ஒரு நாளைக்குச் சிலவே. ஒன்றைத் தவறவிட்டால் அடுத்ததற்கு மணிக்கணக்கில் உட்கார வேண்டும். அதனால் போகிற ரயிலைவிடத் திரும்புகிற ரயிலின் நேரத்தை முதலில் பாருங்கள். அதை வைத்துப் பின்னோக்கித் திட்டமிடுங்கள்.

இவ்வளவு சிரமம் இருந்தும் தனியாகவோ இருவராகவோ போகிறவர்களுக்கு நான் ரயிலையே சொல்வேன். காரணம் அந்தத் தடம். பார்கின்யாவைத் தாண்டியதும் தண்டவாளம் ஆற்றங்கரையை ஒட்டியே ஓடுகிறது. கிழக்கே போகும்போது வலப்பக்க ஜன்னலில் உட்கார்ந்தால் ஆறு கூடவே வரும். ஏ23இல் ஓட்டுகிறவருக்கு ஆறு இருப்பதே பெரும்பாலும் தெரியாது. நான் முதலில் சொன்ன அளவுகோலின்படி இதில் ரயில்தான் முன்னால் நிற்கிறது.

என்ட்ரோன்கமென்டோவில் மாறும்போது இடைவெளி நீண்டால் கவலைப்படாதீர்கள். ரயில் சந்திப்பால் உண்டான ஊர் அது. போர்ச்சுகலின் தேசிய ரயில்வே அருங்காட்சியகமும் அங்கேதான் இருக்கிறது. நீராவி எஞ்சின்களில் ஆர்வம் உள்ளவர்களுக்கு இரண்டு மணி நேரம் போவதே தெரியாது.

தோமாரைச் சேர்ப்பதா, விடுவதா?

இங்கேதான் தமிழ் வாசகருக்கென்று தனியாக ஒன்று சொல்ல வேண்டும்.

1312இல் திருத்தந்தை ஐந்தாம் கிளமெண்ட் டெம்ப்ளர் சபையைக் கலைத்தார். போர்ச்சுகல் அரசர் தினிஷ் அவர்களின் சொத்தை வெளியே விட மனமில்லாமல், 1319இல் கிறிஸ்து சபை என்ற புதிய சபையை அதே நிலங்களோடும் அதே கோட்டைகளோடும் தொடங்கினார். அல்மோரோலும் தோமாரும் அதன் கைக்கு வந்தன. 14ஆம் நூற்றாண்டின் நடுவில் அந்தச் சபையின் தலைமையிடம் தோமாருக்கு மாறியது. 1420இல் இளவரசர் என்ரிக்கே அதன் நிர்வாகி ஆனார். கடலோடி ஹென்றி என்று நம் பாடப்புத்தகத்தில் படித்தோமே, அவர்தான். ஆப்பிரிக்கக் கரையை ஒட்டிய கடற்பயணங்களுக்குச் சபையின் வருமானம் துணைநின்றது. சபையின் சிவப்புச் சிலுவை பாய்மரங்களில் ஏறியது. 1498இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக்கு வந்தபோது அவரோடு வந்த சின்னமும் அதுவே. அடுத்த சில பத்தாண்டுகளில் போர்ச்சுகீசியர்கள் முத்துக்குளித்துறைக்கும் நாகப்பட்டினத்துக்கும் வந்து சேர்ந்தார்கள். 1530களில் பரதவர்கள் பெருந்திரளாகக் கத்தோலிக்கர்களானார்கள்.

தேஜோவின் நடுவிலுள்ள காலிக் கோட்டைக்கும் தூத்துக்குடிக் கரைக்கும் இடையே அறுபடாமல் ஓடும் நூல் இது. அல்மோரோலில் அதன் தொடக்கம் மட்டுமே இருக்கிறது, தொடர்ச்சி தோமாரில். அங்கே கோட்டைக்குள் இருக்கும் கிறிஸ்து மடம் 1983 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. டெம்ப்ளர்கள் கட்டிய வட்டக்கோயில் அதன் நடுவே நிற்கிறது. 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தியோகோ த அருதா செதுக்கிய புகழ்பெற்ற ஜன்னலில், கல்லில் முறுக்கிய கயிறுகளும் பவளமும் கடற்பாசியும் இருக்கின்றன. ஆற்றுக் காவலில் தொடங்கிய ஒரு சபை கடலுக்குப் போன கதையை அந்தக் கல்லில் அப்படியே பார்க்கலாம். கீழே ஊருக்குள் 15ஆம் நூற்றாண்டு யூதத் தொழுகைக்கூடம் ஒன்று இருக்கிறது. அதிலுள்ள அருங்காட்சியகத்துக்கு ஆப்ராம் ஸகூத்தோ பெயர் வைத்திருக்கிறார்கள். வாஸ்கோ ட காமாவின் பயணத்துக்கு வானியல் அட்டவணைகள் தந்த யூத அறிஞர் அவர். 1496இல் போட்ட வெளியேற்ற ஆணைக்குப் பிறகு அவரும் போர்ச்சுகலை விட்டுப் போக நேர்ந்தது என்பதையும் அங்கே நிற்கும்போது நினைத்துப் பார்க்க வேண்டும்.

சேர்ப்பதா என்றால், கட்டாயம் சேருங்கள். ஆனால் ஒரே நாளில் இரண்டையும் அடைக்காதீர்கள். கிறிஸ்து மடத்துக்கே மூன்று மணி நேரம் வேண்டும். காரில் வந்தால் ஒரே நாளில் முடியும் என்பது உண்மைதான். அல்மோரோலிலிருந்து தோமார் இருபது சொச்சம் கிலோமீட்டர்தான். முடித்தாலும், மடத்தின் ஏழெட்டு முற்றங்களில் எது எது என்று நினைவில் நிற்காது. ரயிலில் ஒரே நாளில் இரண்டையும் பார்ப்பது மாற்று ரயில்களுக்குப் பின்னால் ஓடுவதாகவே ஆகிவிடும்.

நான் சொல்லும் வரிசை இது. காலையில் லிஸ்பனில் கிளம்பி முதலில் அல்மோரோல். மாலையில் என்ட்ரோன்கமென்டோ வழியே தோமார், அங்கே இரவுத் தங்கல். மறுநாள் வாசல் திறக்கும் நேரத்துக்கே மடம். மதியத்துக்கு மேல் தோமாரிலிருந்து நேரடி ரயிலில் சுமார் இரண்டு மணி நேரத்தில் லிஸ்பன். இதைத் தலைகீழாகச் செய்யலாமா என்றால், வேண்டாம். தோமாரின் செழிப்பைப் பார்த்த கண்ணுக்கு அல்மோரோலின் வெறுமை ஏமாற்றமாகப் படும். முதலில் வெறும் பாறையையும் மதிலையும் பார்த்துவிட்டு, இந்தச் சபை எங்கே போய் நின்றது என்று மறுநாள் பார்க்கும்போது இரண்டுமே பெரிதாகத் தெரியும். குவால்தீம் பாயிஷின் கல்லறையும் தோமாரில்தான், நபாவ் ஆற்றுக்கு அந்தப் பக்கம் உள்ள சாந்தா மரியா தோ ஒலிவால் கோயிலில். 1190இல் மூர் படை தோமாரை முற்றுகையிட்டபோது வயதான அவர் கோட்டையைக் காத்து நின்றார், 1195இல் இறந்தார்.

ஒரு நாள்தான் இருக்கிறது, இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றால்? கட்டடக்கலையும் வரலாறும் வேண்டும் என்பவர்கள் தோமாருக்குப் போங்கள். ஆறும் வெட்டவெளியும் நடையும் வேண்டும் என்பவர்கள் அல்மோரோலுக்குப் போங்கள். வயதான அம்மா அப்பாவோடு போகிறவர்களுக்கும் தோமாரே நல்லது. அங்கேயும் ஏற்றம் உண்டு, ஆனால் மடத்தின் வாசல் வரை வாடகைக் காரில் போய் இறங்கலாம், உள்ளே நிழல் உண்டு, உட்கார இடம் உண்டு.

சாப்பாட்டுக்கு ஒரு வார்த்தை. ஆற்றங்கரை ஊர்களில் குளிர்காலக் கடைசியிலும் வசந்தத் தொடக்கத்திலும் ஆற்று மீன் உணவுகள் விசேஷம். சைவம் சாப்பிடுகிறவர்கள் தோமாரில் கடை தேடுவது எளிது, தான்கோஸ் பக்கம் கைவசம் ரொட்டியும் பழமும் வைத்துக்கொள்ளுங்கள். முட்டை சாப்பிடுகிறவர்கள் தோமாரின் ‘ஃபத்தியாஸ்’ இனிப்பை விட்டுவிடாதீர்கள். முட்டையின் மஞ்சள் கருவை மட்டும் நெடுநேரம் அடித்து, நீராவியில் வேகவைத்து, துண்டு போட்டுச் சர்க்கரைப் பாகில் இடுவது. திகட்டும்தான், ஆனாலும் ஒரு துண்டாவது சாப்பிட்டுப் பாருங்கள்.

எப்போது போவது?

ஏப்ரல், மே, அக்டோபர். இந்த மூன்றில் ஒன்றுக்குள் உங்கள் விடுமுறையை அடக்க முடிந்தால் வேறு எதையும் யோசிக்க வேண்டாம். ஜூலை, ஆகஸ்டில் படகுகள் ஓடும், நாள் நீளம், வானம் தெளிவு. ஆனால் கடற்காற்று எட்டாத உள்நாடு இது. வெப்பம் 40 பாகையைத் தொடும் நாட்கள் உண்டு, கோட்டைக்குள் நிழல் குறைவு. நமக்கு வெயில் பழக்கம்தானே என்று நினைக்கலாம். நண்பகலில் கருங்கல் மேல் ஏறி இறங்கும்போது அந்த எண்ணம் போய்விடும். கோடையில்தான் வர முடியும் என்றால் காலையின் முதல் படகைப் பிடியுங்கள்.

குளிர்காலத்தின் சிக்கல் வெள்ளம். தேஜோ ஸ்பெயினில் பிறந்து நீண்ட தூரம் ஓடி வருகிறது, வழியில் அணைகள் பல. அல்மோரோலுக்குச் சற்று மேலே கோன்ஸ்டான்சியாவில் ஸேஸெரே ஆறு வந்து சேர்கிறது. அந்த ஆற்றின் குறுக்கே 1951இல் திறந்த கஷ்டெலோ தோ போதே அணை இருக்கிறது. மேட்டூரில் திறந்துவிட்டால் முக்கொம்பில் தெரிகிற மாதிரி, மேலே அணைகளில் நடப்பது கீழே தீவைச் சுற்றியுள்ள நீர்மட்டத்தில் தெரியும். அந்த ஊரில் மழையே பெய்யாமல் ஆறு ஏறியிருக்கலாம். 1979 பிப்ரவரியில் வந்த வெள்ளத்தை இந்தப் பள்ளத்தாக்கு மக்கள் இன்றும் பேசுவார்கள். நீர் ஏறினால் படகை நிறுத்திவிடுவார்கள். வறட்சியில் மறுகோடி, ஆறு இறங்கிப் பாறைகள் தலைகாட்டும், படகுத் தடம் சுருங்கும். எனவே வானிலை முன்னறிவிப்பைப் பார்த்து மட்டும் கிளம்பாதீர்கள், படகு ஓடுகிறதா என்று தனியாகக் கேளுங்கள்.

ஜூன் 23 இரவு, புனித யோவான் திருநாளையொட்டி, இந்தக் கோட்டையில் ஆவிகள் தோன்றும் என்று ஒரு பழங்கதை உண்டு. தோம் ராமிரோ என்ற கொடிய பிரபு ஒரு மூர் தாயையும் மகளையும் கொன்று, அவர்கள் வீட்டுப் பையனைப் பிடித்து வந்தானாம். பையன் பழிவாங்க வந்தவன், பிரபுவின் மகள் பெயத்ரிஸ் மேல் காதல் கொண்டான். இருவரும் மாயமாய் மறைந்தார்கள். அந்த இரவில் கோபுரத்தின் மேல் இருவரும் தழுவி நிற்க, ராமிரோ அவர்கள் காலடியில் கிடப்பான் என்பது கதை. கதைக்காக அந்தத் தேதியைத் தேர்ந்தெடுக்க வேண்டாம், இரவில் படகு கிடையாது. ஆனால் எல்லைக் கோட்டையின் கதையில் கொடியவனாக வருபவன் கிறிஸ்தவப் பிரபு, பாதிக்கப்பட்டவர்கள் மூர்கள் என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது. வென்றவர்கள் நாட்டில், வென்றவர்கள் மொழியில் இந்தக் கதை பிழைத்திருக்கிறது.

தோமாரில் நான்கு ஆண்டுக்கு ஒருமுறை ஜூலையில் தபுலெய்ரோஸ் திருவிழா வரும். பெண்கள் தங்கள் உயரத்துக்கு ரொட்டிகளும் பூக்களும் அடுக்கிய தட்டுகளைத் தலையில் சுமந்து ஊர்வலம் போவார்கள். கடைசியாக நடந்தது 2023இல், அடுத்தது 2027. அந்தச் சமயத்தில் வருவதானால் அறையைப் பல மாதம் முன்பே பிடித்துவிடுங்கள். இல்லையென்றால் தோமார்த் தங்கலை அந்த வாரத்தில் மறந்துவிட்டு, அல்மோரோலை மட்டும் லிஸ்பனிலிருந்து ஒரு நாளில் பார்த்துவிட்டுத் திரும்புங்கள்.

படகு இல்லாத நாளில்

அங்கே போன பிறகு படகு இல்லை என்று தெரிந்தால் நாளை வீணாக்காமல் இருக்க ஒரு மாற்று வைத்திருங்கள். ரயிலில் வந்தவர்களுக்கு நான் சொல்வது பெல்வெர். அதே பெய்ரா பைஷா தடத்தில் இன்னும் கிழக்கே போனால், தேஜோவைப் பார்த்தபடி ஒரு குன்றின் உச்சியில் நிற்கும் கோட்டை. 1194இல் அரசர் முதலாம் சான்ஷோ அந்த நிலத்தை ஹாஸ்பிடலர் சபைக்குக் கொடுத்தார். டெம்ப்ளர்களுக்கு அல்மோரோல் போல, அவர்களுடைய போட்டிச் சபைக்கு அது. தீவு கிடையாது, படகும் வேண்டாம், ஆனால் அதே எல்லை, அதே ஆறு, அதே நூற்றாண்டு. நிலையத்திலிருந்து ஏற்றம் கொஞ்சம் கடுமை. காரில் வந்தவர்கள் தென்கரைக் காட்சிமேடைக்குப் போய்விட்டு, அப்படியே கோன்ஸ்டான்சியாவில் இரு ஆறுகள் கூடும் இடத்தில் நடந்துவிட்டு, மதியத்தைத் தோமாருக்குக் கொடுக்கலாம்.

கிளம்புவதற்கு முந்தைய நாள், விலா நோவா த பார்கின்யா நகராட்சியின் சுற்றுலா அலுவலகத்துக்கு ஒரு தொலைபேசி அழைப்பு போடுங்கள். கோட்டை அவர்கள் எல்லைக்குள் வருவது. மூன்றே கேள்விகள் போதும்: நாளை படகு உண்டா, தான்கோஸிலிருந்தும் உண்டா, கடைசிப் படகு எத்தனை மணிக்கு. தான்கோஸ் படகு இல்லை, நேரெதிர்த் துறையில் மட்டும் உண்டு என்றால் தயங்காமல் போங்கள், அல்மோரோல் நிறுத்தத்தில் இறங்கி ஆற்றோரமாக நடந்து போய்ச் சேருங்கள். இரண்டுமே இல்லை என்றால் பயணத்தை ஒரு நாள் தள்ளிப்போட முடியுமா என்று பாருங்கள், முடியாவிட்டால் நேராகத் தோமாருக்குச் சீட்டு எடுங்கள்.